இடைச்சொல்லில் நின்ற வழக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், மோகனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறித்தவ நம்பிக்கையில் மகன் தந்தைக்கு நிகரானவரா என்பது எனக்கு இடப்பட்ட பொருள். கவியரங்கமும் பட்டிமன்றமும் கேட்டுப் பழகிய அவையில் இறையியல் வழக்கு ஒன்றை ஏன் எடுத்தார்கள் என்று சிலர் ஐயுறலாம். நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு அவ்வையம் நீங்கிவிடும். பதினேழு நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்வழக்கு முழுவதும் சொல்லைப் பற்றியது. பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பற்றியதுகூட அன்று; தனித்து நிற்கும் ஆற்றல் இல்லாத இடைச்சொற்களைப் பற்றியது. ‘போல’ என்னும் உவம உருபு, ‘ஆல்’, ‘ஒடு’ என்னும் வேற்றுமை உருபுகள், ‘உம்’ என்னும் எண்ணிடைச்சொல் ஆகிய இவற்றுக்கு நிகரான கிரேக்கச் சிறுசொற்களின் மேல்தான் பேரரசர்களும் ஆயர்களும் அடியார்களும் பொருதிருக்கிறார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் பயின்ற அவைக்கு இதைவிட நெருக்கமான சமய வழக்கு வேறு இராது.

மேலும், இவ்வினாவைக் கேட்பதற்கு இவ்வூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? கனிக்காகச் சினந்து சென்ற குமரனை அன்னை ‘மகனே’ என்று அழைத்து நிறுத்திய இடம் ஆதலின் மகனூர் ஆயிற்று, அதுவே மோகனூர் என மருவிற்று என்பது நம் தலவரலாறு. சொல்லாராய்ச்சியாளர் ஒப்புவரோ மாட்டாரோ, ஊரார் ஒப்புவர். தந்தைக்கே மந்திரப் பொருள் உரைத்துத் தகப்பன்சாமி என்று பெயர் பெற்ற மகனைக் கும்பிடும் மக்கள் நாம். கொங்கு நாட்டில் தகப்பனார் தம் பிள்ளையைக் ‘கண்ணு’ என்றும் ‘சாமி’ என்றும் அழைப்பது இன்றும் கேட்கலாம். ஆகவே மகன் தந்தைக்கு நிகர் என்றால் தமிழ்ச் செவிக்கு அது வியப்பாக இராது.

அந்த எளிமையில் ஓர் இடர் உண்டு. நம் மேடைகளில் ‘குமாரன் என்றாலும் குமரன் என்றாலும் ஒன்றே’ என்று கூறிக் கைதட்டல் பெறுவோர் பலர். நல்லெண்ணத்தில் கூறுவதுதான், எனினும் அது இரு சமயத்தார்க்கும் நீதி செய்வதாகாது. முருகன் சிவனுக்கு நிகரா என்னும் வினாவுக்காகச் சைவர் எவரும் நாடு கடத்தப்பட்டதில்லை. கச்சியப்பரின் கந்தபுராணம் இருவரையும் வேறல்லர் என்று கொண்டு கதையை நடத்திச் செல்கிறது. கிறித்தவத்தில் அப்படிக் கடந்து செல்ல இயலவில்லை. அச்சமயம் யூத மண்ணில் பிறந்தது. கடவுள் ஒருவரே என்பது அதன் முதற்பாடம். அதே சமயம் இயேசுவை வணங்கிற்று. வணங்கப்படுபவர் கடவுள் எனின் கடவுளர் இருவர் ஆகிவிடுகின்றனர். கடவுள் அல்லர் எனின் வணக்கமே பிழையாகிவிடுகிறது. முடிச்சு இதுதான். இதை அவிழ்க்காமல் அச்சமயத்தார்க்கு ஒரு நாளும் தொழுகை இல்லை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு இம்முடிச்சைத் தம் வழியில் அவிழ்த்தார். தந்தை என்பவர் மகனுக்கு முற்பட்டவர். ஆகவே மகன் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு. மகன் படைப்புகளில் தலையாயவர், ஆயினும் படைப்பே என்பது அவர் கொள்கை. கவிஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அதைப் பாட்டாக்கினார். ‘தாலியா’ என்னும் பெயரில் செய்யுள் யாத்தார். கப்பலோட்டிகளும் மாவரைப்போரும் வழிநடைப் பயணிகளும் பாடத்தக்க பாட்டுகளையும் கட்டினார் என்று பழைய வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். நெசவிலும் நடவிலும் பாட்டுக் கேட்ட நமக்கு அதன் வலிமை தெரியும். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்ஸ்டான்டினோப்பிள் நகரில் அப்பம் என்ன விலை என்று கேட்டால், தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்று கடைக்காரன் விடை சொல்கிறான் என நீசா நகரத்துக் கிரகோரி சலித்துக்கொள்ளும் அளவுக்கு அது தெருவில் புழங்கிற்று.

325-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் பேரரசன், இன்றைய துருக்கியில் உள்ள நிசேயா நகரில் ஆயர்களைக் கூட்டினான். 2025-இல் அதன் 1700-ஆம் ஆண்டினை உலகத் திருச்சபைகள் பலவும் நினைவுகூர்ந்தன. மகன் தந்தையோடு ஒரே உள்பொருளினர், ஒளியினின்று வந்த ஒளி, பிறந்தவரேயன்றிப் படைக்கப்பட்டவர் அல்லர் என்பது அம்மன்றத்தின் முடிபு. ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். மன்றம் முடித்தது, வழக்கு முடியவில்லை. நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை தம் ஆயர் இருக்கையை விட்டுத் துரத்தப்பட்டார். மன்றத்தைக் கூட்டிய பேரரசனே, தன் இறுதிக் காலத்தில், ஆரியுஸின் சார்பாளராய் இருந்த ஓர் ஆயர் கையால்தான் திருமுழுக்குப் பெற்றான். அரசர்கள் இறையியலில் தலையிட்டால் இப்படித்தான் ஆகும். 381-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய மன்றமே நிசேயாவின் முடிபை நிலைநிறுத்திற்று. அன்று முதல் கத்தோலிக்கர், கீழைச் சபையார், பின்வந்த சீர்திருத்தச் சபையார் என்னும் பெரும்பிரிவினர் அனைவர்க்கும் மகன் தந்தைக்கு நிகரானவர் என்பதே அறிக்கை.

ஒளியினின்று ஒளி என்னும் உவமை நம்மூரார்க்கு விளக்கம் வேண்டாதது. அசையாத தீபத்தின் பெயரால் அசலதீபேசுவரர் என்று இறைவனை அழைக்கும் ஊர் இது. ஒரு சுடரிலிருந்து மற்றொரு சுடரை ஏற்றினால் முதற்சுடர் குறைவதும் இல்லை, இரண்டாவது சுடர் தாழ்ந்த நெருப்பு ஆவதும் இல்லை. ஆனால் எதிலிருந்து எது ஏற்றப்பட்டது என்னும் முறை இருக்கிறது. முறை உண்டு, ஏற்றத்தாழ்வு இல்லை. நிசேயாவின் விடையை இதைவிடச் சுருங்கக் கூறுதல் அரிது.

பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்றதை எண்ணிப் பாருங்கள். குயவன் வனைந்த குடம் குயவன் ஆகாது. மனிதன் பெற்ற மகன் மனிதனே. பெறுதல், வனைதல் என்னும் இரு வினைகளின் வேறுபாட்டில் அத்தனாசியுஸ் தம் கட்சியை நிறுத்தினார். தந்தை மகனுக்கு முற்பட்டவரன்றோ என்னும் ஆரியுஸின் கேள்விக்கு அவர் தரப்பு விடை இன்னும் நுட்பமானது. மகன் இல்லாதபோது ஒருவரைத் தந்தை என அழைப்பதெப்படி? கடவுள் என்றென்றும் தந்தை எனின், மகனும் என்றென்றும் இருந்தாக வேண்டும் என்பது அது.

கிரேக்கத்தில் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்த இதைத் தமிழ் தன் சொல்லமைப்பிலேயே வைத்திருக்கிறது. எந்தை, நுந்தை, தந்தை என்னும் மூன்று சொற்களை நோக்குக. என் தந்தை, நும் தந்தை, தம் தந்தை என்று மூவிடத்துக்கும் மூன்று சொல். யாருடைய என்று காட்டாத வெறுந்தந்தை பழந்தமிழில் இல்லை. மகன் ஒருவன் உள்ளே மறைந்து நின்றாலன்றி ‘தந்தை’ என்னும் சொல்லே உருவாகாது. தம்பி, எம்பி, நும்பி என்பனவும் அவ்வாறே. முறைப்பெயர் என்று நம் இலக்கணத்தார் இட்ட பெயர் எத்துணைப் பொருத்தம்!

இனி இடைச்சொற்களுக்கு வருவோம். நிசேயாவுக்கு ஒரு தலைமுறைக்குப் பின், சமரசம் நாடிய ஆயர் சிலர் ஒரு சொல்லை முன்வைத்தனர். ஹோமோஊசியோஸ், அதாவது ஒரே தன்மையர் என்பது நிசேயாவின் சொல். ஹோமோய்ஊசியோஸ், அதாவது ஒத்த தன்மையர் என்பது இவர்களது சொல். கிரேக்க எழுத்தில் இரண்டுக்கும் இடையே ‘இயோட்டா’ என்னும் ஒரே எழுத்துத்தான் வேறுபாடு. ஓர் எழுத்துக்காகவா இத்தனை பூசல் என்று பின்னாளில் எள்ளி நகையாடியவர் உண்டு. கவிஞர்கள் அவ்வாறு நகைக்க மாட்டார்கள். மதி போலும் முகம் என்பது உவமை. முகமதி என்பது உருவகம். நடுவே நிற்பது ‘போல’ மட்டுமே. அது நிற்கும்வரை பொருள் இரண்டு. அது போனால் ஒன்று. ஆரியுஸைப் பின்பற்றாத அந்நடுநிலையாளர்கூட ‘போல’ என்பதை விட அஞ்சினர். விட்டால் தந்தை, மகன் என்னும் வேறுபாடே அழிந்துவிடும் என்பது அவர்தம் கவலை. நியாயமான கவலையே. ஆயின் அத்தனாசியுஸுக்கு உவமையில் வணங்குவதற்கு ஏதுமில்லை. கடவுளைப் போன்ற ஒருவரால் என்ன பயன்?

அடுத்தது ‘ஆல்’. யோவான் நற்செய்தி தொடங்கும்போதே, அனைத்தும் வாக்கினால் உண்டாயின என்னும் கருத்து வருகிறது. கிரேக்கத்தில் அங்கே ‘தியா’ என்றொரு முன்னிடைச்சொல். 1821-இல் கல்கத்தாவில் இச்சொல்லின் முன் மூவர் அமர்ந்திருந்தனர்: இராசாராம் மோகன்ராய், பாப்திசுத் தொண்டர்களான வில்லியம் ஏட்சு, வில்லியம் ஆடம். நற்செய்தியை வங்காளத்தில் பெயர்க்கும் பணி. ‘அவரால்’ என்பதா, ‘அவர் வழியாக’ என்பதா என்று ஆராயப் புகுந்தனர். ஆராய்ச்சியின் முடிவில் ஆடம், மகன் தந்தைக்கு நிகர் என்னும் கொள்கையையே கைவிட்டுவிட்டார். ராயை மதம் மாற்ற வந்தவர் தாமே மாறிவிட்டார் என்று கல்கத்தா பேசிற்று. இரண்டாம் ஆதாமும் வீழ்ந்தான் என்று சிலேடையாய் நகைத்தனர். ராய் அதற்கு முந்தைய ஆண்டே இயேசுவின் அறவுரைகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தார். சீராம்பூரின் மார்சுமன் அதனை மறுக்க, ராய் 1820 முதல் 1823 வரை மூன்று விடைநூல்கள் எழுதினார். மூன்றாவதை அச்சிடப் பாப்திசு அச்சகம் மறுத்தது. தம் பொறுப்பிலேயே அச்சிட்டார்.

அந்த அறையில் நன்னூல் கற்றவர் ஒருவர் இருந்திருப்பின் என்று நான் எண்ணுவதுண்டு. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன பொருள். கருத்தாவும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரு வகை. அரசனால் கட்டப்பட்ட கோயில் எனினும், தச்சனால் கட்டப்பட்ட கோயில் எனினும், உளியால் ஆன கோயில் எனினும் உருபு ஒன்றே. தந்தை ஏவுதற் கருத்தா, மகன் இயற்றுதற் கருத்தா என்பது ஒரு சாரார் கொள்கை. மகன் வெறுங் கருவி என்பது ஆரியுஸ் சாரார் கொள்கை. இருவர்க்கும் ஒரே செயல், ஒரே ஆற்றல் என்பது நிசேயாவின் கொள்கை. ‘ஆல்’ என்று பெயர்த்தால் மூவரும் அதனுள் அடங்குவர். சீர்திருத்தச் சபையாரிடம் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மூலமாய்’ என்கிறது. இது அறிந்து செய்ததோ அறியாமல் வாய்த்ததோ, நல்ல சொல். மூலம் என்பது வழி, இடையீடு என்றும் பொருள்படும். வேர், முதற்காரணம் என்றும் பொருள்படும். ஆடமும் அத்தனாசியுஸும் தத்தம் கொள்கையை அதில் கண்டுகொள்வர்.

கல்கத்தா வழக்கை நூல்கள் விரிவாய்ப் பேசுகின்றன. அதற்கு முன்பே சென்னையில் நடந்ததை நம்மவரே அறியார். திருவேங்கடம் என்னும் பெயருடைய தமிழர் ஒருவர், வேளாளர் குலத்தவர், ஊழியராய் இங்கிலாந்து சென்றார். அங்கே கடவுள் ஒருவரே, இயேசு கடவுளுக்கு நிகரானவர் அல்லர் என்று கொண்ட ஒருமைக் கொள்கையர் நூல்கள், குறிப்பாக லின்சி, பிரீசுட்லி ஆகியோர் நூல்கள், அவர் கைக்கு எட்டின. வில்லியம் ராபர்ட்சு என்னும் பெயரோடு சென்னைக்கு மீண்டார். 1795-ஐத் தம் சபையின் தொடக்கமாக அச்சபையார் குறிப்பர். 1813-இல் புரசைவாக்கத்தில் சிறிய தொழுகைக்கூடம் ஒன்றை எழுப்பினார்.

இதில் உள்ள தனிமையை எண்ணிப் பாருங்கள். அவரைச் சேர்ந்தவர் மிகச் சிலர், பெரும்பாலும் எளிய மக்கள். அரசும் செல்வமும் உடைய சபைகள் அனைத்தும் எதிர்க்கொள்கையின. பிறந்த குலத்தின் சமயமும் இல்லை. வந்து சேர்ந்த சமயத்தின் பெருவழியும் இல்லை. இலண்டனிலிருந்த தாமசு பெல்சம் என்னும் போதகர்க்கு அவர் எழுதிய மடல்கள் 1818-இல் அச்சேறின. வழிபாட்டு மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். பெருஞ்சபையார் எந்த இடத்தில் மகனைத் தந்தையோடு சேர்த்துப் போற்றினரோ, அந்த இடத்தில் அவர் தம் மக்கள் வாயில் வேறு சொல்லை வைக்க வேண்டியிருந்தது. மோகன்ராய் மன்னர் அவையறிந்த பேரறிஞர். அவர் எழுதினால் இங்கிலாந்தும் அமெரிக்காவும் படித்தன. ராபர்ட்சு ஓர் ஊழியர். அவர் கொள்கை சரியோ பிழையோ, தமிழன் ஒருவன் இவ்வினாவைத் தன் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டான் என்பது நம் உரைநடை வரலாற்றிலேனும் ஒரு பத்தி பெறத் தக்கது. அச்சபை சென்னையில் வழிவழி நிலைத்தது. இன்று நம் தெருக்களில் வாயிற்படி ஏறி வந்து இதே மறுப்பைக் கூறும் யெகோவாவின் சாட்சிகள் வேறு ஆற்றில் வந்தவர்கள். ராபர்ட்சுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவது இடைச்சொல் ‘ஒடு’. 375-ஐ ஒட்டிச் செசரியா நகரத்துப் பசீல் என்னும் ஆயர், தந்தைக்கு மகனோடும் ஆவியோடும் கூடப் புகழ் என்று வழிபாட்டில் கூறினார். மகன் வழியாக, ஆவியில், தந்தைக்குப் புகழ் என்றே கூற வேண்டும் என்று சிலர் சினந்தனர். அதற்கு விடையாக அவர் எழுதிய நூல், தூய ஆவியைப் பற்றியது என்று பெயர் பெற்றாலும், பெரும்பகுதி இடைச்சொல் ஆராய்ச்சியே. ‘ஓடு’ என்றால் நிகர்மை, ‘வழியாக’ என்றால் தாழ்வு என்று எதிரிகள் பிரித்ததை அவர் ஏற்கவில்லை. நூல்களில் இரண்டும் மாறி மாறி வருகின்றன, ஒன்று மாண்பைக் காட்டுகிறது, மற்றொன்று அருள் வரும் வழியைக் காட்டுகிறது என்றார்.

தமிழிலோ இதற்கு ஒரு சிக்கல் உண்டு. இருவர் ஒரு வினையை உடன்செய்யும்போது ‘ஒடு’ உருபு உயர்ந்தவர் பெயரையே சாரும் என்பது தொல்காப்பியர் விதி. ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான் என்பதே முறை. மாணாக்கனொடு ஆசிரியன் வந்தான் என்றால் அவையில் குறுநகை எழும். ஆகவே தந்தையொடு மகன் என்றால் தந்தை உயர்ந்துவிடுகிறார். மகனொடு தந்தை என்றால் மகன் உயர்ந்துவிடுகிறார். பசீல் நிகர்மை காட்ட எடுத்த சொல்லே நம்மிடம் படி வைக்கும் சொல்லாகிறது. தமிழ்க் கிறித்தவர் இதிலிருந்து எவ்வாறு தப்பினர்? ‘உம்’ அவர்களைக் காத்தது. பிதாவுக்கும் சுதனுக்கும் ஆவிக்கும் என்று எண்ணும்மையால் நிறுத்தினர். எண்ணும்மையில் எண்ணப்படுவன யாவும் ஒரு நிரையின. ஞாயிறுதோறும் தேவாலயங்களில் ஒலிக்கும் அந்த மூன்று உம்மைகளே தமிழில் நிசேயாவின் நிலைத்த வடிவம் என்பேன்.

தந்தை–மகன் என்னும் இக்கொள்கை நம் வட்டாரத்துக்கு நேற்று வந்ததும் அன்று. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தவர். சேலம், ஈரோடு பகுதிகளைத் தன்னுள் கொண்ட கோயமுத்தூர்ப் பேராயத்தில் 1950-களில் பேராயராய் இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, இவ்வினாவுக்குத் தமிழ்ப் பக்தி மரபிலிருந்து விடை தேடியவர். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர். சைவத்திலிருந்து கிறித்தவரான தந்தைக்கு மகன். தந்தையும் தாமும் ஒன்று என்னும் இயேசுவின் கூற்றை அவர் பொருள் கொண்ட விதம் துணிவானது. அது உள்பொருளின் ஒருமை அன்று, அன்பிலும் எண்ணத்திலும் செயலிலும் ஆகிய ஒருமை என்றார். தந்தை தம்மிற் பெரியவர் என்று இயேசுவே கூறியிருப்பதைச் சான்றாக வைத்தார். இரண்டறக் கலத்தலை ஏற்காது, வேறாய் நின்று ஒன்றும் அன்பையே வேண்டிய இராமானுசர் நெறி அவர்க்கு வழிகாட்டிற்று. பேராயர் ஒருவர் நிசேயாவினின்று சற்று விலகிவிட்டாரோ என இறையியலார் சிலர் குறை கண்டதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆழ்வார்களைப் படித்து வளர்ந்த மொழியில் ஒன்றாதல் என்னும் சொல்லுக்கு உள்பொருள் என்னும் கிரேக்கப் பொருள் எளிதில் ஏறாது. அவர் தம் மொழிக்கு நேர்மையாய் இருந்தார்.

இதே காவிரி கீழே குளித்தலையைத் தொடும் இடத்தில், தண்ணீர்ப்பள்ளியில், 1950-இல் மோன்சனின், அபிசிக்தானந்தர் என்னும் பிரெஞ்சுத் துறவியர் இருவர் நிறுவிய ஆசிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்றே பெயர். சத்து தந்தை, சித்து மகன், ஆனந்தம் ஆவி என்பது கருத்து. சித்து சத்துக்கு நிகரா என்று எவரும் கேட்பதில்லை. முறைப்பெயரை விட்டுத் தத்துவப் பெயரை எடுத்தவுடன் வழக்கு மறைந்துவிடுகிறது. உடன் தந்தையும் மகனும் மறைந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

முடிவாக, மொழிபெயர்ப்புகளில் நான் கண்ட ஒன்றைக் கவிஞர்கள் முன் வைக்கிறேன். மாற்கு நற்செய்தியில் இயேசு நீரில் முழுகி எழும்போது வானிலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் தந்தை மகனை ‘நீர்’ என்கிறார். மகனும் வேண்டும்போது தந்தையை ‘நீர்’ என்கிறார். தமிழ் வீடு எதிலும் தகப்பனார் மகனை நீர் என்று அழைத்துக் கேட்டதில்லை. ஆயினும் இருபுறமும் ஒரே சொல் நிற்பதால் நிகர்மை தவறவில்லை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் தந்தை மகனை ‘நீ’ என்கிறார்; மகன் தந்தையை ‘நீர்’ என்றே அழைக்கிறார். இது நம் வீட்டு வழக்கு, செவிக்கு இனியது. ஆனால் ஆரியுஸ் கேட்டால் மகிழ்ந்திருப்பார். மூலமாகிய கிரேக்கத்தில் மரியாதைப் பன்மை இல்லை. அங்கே இருவர்க்கும் ஒரே சொல்தான். கிரேக்கம் கேட்காத வினாவுக்குத் தமிழ் ஒவ்வொரு வரியிலும் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருபுறமும் ‘நீ’ என்பது. நாயன்மாரும் ஆழ்வாரும் இறைவனை நீ என்று அழைக்கக் கூசவில்லை. அச்சொல்லில் மரியாதைக் குறைவை நம் மரபு கண்டதும் இல்லை. மகன் தந்தையிடம் வேண்டும் யோவானின் அந்த நெடிய அதிகாரத்தை ‘நீ’ என்னும் சொல்லால் தமிழ்ப்படுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு ஆவல். இவ்வட்டத்தில் எவரேனும் முயல்வதாயின், அடுத்த கூட்டத்தில் வாசிக்கக் கேட்கக் காத்திருக்கிறேன்.